அந்தரத்தில் ஒரு முதுகு

செங்குளம் ஆவுடையம்மாள் டாக்கீஸில் ‘புலிக்குகைத் தீவு’ நாலாவது தடவையாக ஓடிய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மேட்னியில், நூறடி அருவியின் உச்சியிலிருந்து குதித்த இளவரசன் கீழே விழவில்லை. குதித்தான், அதில் குறையொன்றுமில்லை. இரண்டு கைகளையும் விரித்து, முதுகை ஜனங்களுக்குக் காட்டி, மஞ்சள் அங்கி காற்றில் படபடக்க எப்போதும்போலத்தான் குதித்தான். ஆனால் அருவித் தண்ணீர் அவனை முந்திக்கொண்டு போய்விட, பாதி வழியில் அவன் மட்டும் நின்றுவிட்டான். அடுத்த காட்சியில் இளவரசன் அமரசிங்கன் வாரிய தலை கலையாமல் குளத்திலிருந்து எழுந்து இளவரசியின் கையைப் பிடித்தான். குதித்தவன் அவர்களுக்கு மேலே நின்றான். அவர்கள் பாட்டுப் பாடி மாமரத்தைச் சுற்றினார்கள். மாமரத்துக்கு மேலே நின்றான். கப்பல் எரிந்தது, கொள்ளைக்காரன் செத்தான், கல்யாணம் நடந்தது, வணக்கம் போட்டார்கள். ஆப்பரேட்டர் லாசர் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்ட பிறகும், வெள்ளைத் திரையின் மேல்பாகத்தில், ஒரு கிடா ஆட்டின் பருமனுக்கு, முதுகைக் காட்டியபடி நின்றான். பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு சைக்கிளை எடுக்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை படப்பெட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. அவன் போகவில்லை. புதிதாக வந்தது ஒரு சாமி படம். அதில் அம்மன் ஆகாயத்தில் தோன்றிய இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால், அம்மன் அவனுக்குப் பின்னால் நின்று வரம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்து வந்த குடும்பப் படத்தில் மாமியார் மருமகளின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும்போது அடுப்படிப் புகைக்கு நடுவே நின்றான். முதலாளி திரவியம் திரையைக் கழற்றி வேறு திரை கட்டினார். புதுத் திரைக்கு முன்னாலும் நின்றான். தணிக்கை விவகாரம் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து இரண்டு காட்சி பார்த்துவிட்டு, சர்டிபிகேட் இல்லாத ஆள் ஒருவன் எல்லாப் படத்திலும் நடிக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார். அவனுக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது என்று தெரியாததால் அந்தக் காகிதம் மேலே நகரவில்லை.

இரண்டு மாதத்தில் ஊருக்கு அவன் பழகிப்போனான். அந்தரத்தார் என்று பெயரும் வைத்தார்கள். அங்கி மேற்கே பறந்தால் மூன்றாம் நாள் மழை என்று விவசாயிகள் கணக்குப் போட்டு, படம் பார்க்காமல் அங்கியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை, பெண்ணைக் காட்டுமுன் டாக்கீஸுக்கு அழைத்துவந்து அந்தரத்தாரைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, கையை இப்படித்தான் விரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். படத்தில் அழுகைக் காட்சி வந்தால் பெண்கள் கதாநாயகியைப் பார்த்து அழுவதை விட்டுவிட்டு அந்தரத்தாரைப் பார்த்து அழுதார்கள். அது இன்னும் வசதியாக இருந்தது, ஏனென்றால் எந்தப் படத்திலும் அவர் இருந்தார்.

அந்தரத்தார் மெலிகிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தது லாசர்தான். அவன் மெஷின் அறையின் ஓட்டை வழியாக ஒரு நாளைக்கு மூன்று காட்சி அவரைப் பார்க்கிறவன்.

“அண்ணாச்சி, முந்தி இவரு முதுகுக்குப் பின்னால உள்ளது ஒண்ணும் தெரியாது. நேத்து வில்லனோட மீச தெரியுது. இவருக்குள்ளாற.”

அண்ணாச்சி என்றது குற்றாலலிங்கத்தை. டாக்கீஸில் பாட்டுப் புத்தகம் போடுகிறவர் அவர். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் உட்கார்ந்து, பாட்டுகளையும் கதையையும் குறித்துக்கொண்டு, இடைவேளை மணி அடித்ததும் எழுந்து பஜாரிலுள்ள அச்சாபீசுக்கு ஓடி, எழுத்துக் கோத்து, அடுத்த காட்சிக்கு ஜனங்கள் வரும்போது கையில் சூடாகப் புத்தகத்தோடு நிற்பார். கதைச் சுருக்கம் நெருக்கடியான இடத்தில் நின்றுவிடும். மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டு மூன்று நட்சத்திரம் வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. அறுநூறு படங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். ஒரு படத்தின் பின்பாதியைக்கூடப் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்திலுள்ள எல்லாக் கதாநாயகிகளும் இன்னும் கட்டிப்போடப்பட்டுத்தான் இருந்தார்கள்.

லாசர் சொன்னது சரிதான். மழைக்காலம் முடிவதற்குள் அந்தரத்தாரின் ஓரங்கள் கரைந்து, சாயம் போன கைலிமாதிரி ஆகிவிட்டார். திரவியம் முதலாளி படக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். எங்கள் கதாநாயகன் பதினோராவது ரீலில் பத்திரமாகக் கரையேறிவிட்டார், நீங்கள் சொல்லும் நபரை எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. அன்றைக்கு மேட்னிக்கு முன்னால், வேறு வழி தோன்றாமல், முதலாளி மைக்கை எடுத்தார்.

“திரையில் நிற்கும் நபர் தயவுசெய்து கீழே இறங்குமாறு நிர்வாகத்தாரால் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

அந்தரத்தாரின் வலது கால் பெருவிரல் அசைந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

“வார்த்தை காதுல விழுது மொதலாளி,” என்றான் லாசர். “ஆனா நீங்க சைக்கிள் ஸ்டாண்டுக்காரன்ட்ட சொல்லுத மாதிரி சொல்லுதிய. கதையில நிக்கவன கதையிலதான் எறக்கணும்.”

“படம்தான் பெட்டியில போயிட்டே,” என்றார் முதலாளி.

“எழுதுனா?”

எல்லாரும் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார்கள். அந்த டாக்கீஸில் கதை எழுதத் தெரிந்தவர் அவர்தான்.

“நமக்கு இன்டர்வெல் வரைக்கும்தான் தெரியும்,” என்றார் அவர்.

“அதுக்கு மேல நாங்க சொல்லுதோம்,” என்றார் முதலாளி. “படம் மொத்தத்தையும் நாவலா எழுதும். சுருக்கி எழுதாதேயும். அருவிக்கு வந்ததும் ஆளை எறக்கிவிட்டுரும்.”

அச்சாபீஸ் மாடியில், விசிறி இல்லாத அறையில், குற்றாலலிங்கம் எழுத உட்கார்ந்தார். முன்பாதி மளமளவென்று வந்தது. பின்பாதிக்கு ஊரைக் கேட்டார். கொள்ளைக்காரத் தலைவனை இளவரசன் கொன்றதாகச் சிலரும், புலி கொன்றதாகச் சிலரும், அவனே வெட்கப்பட்டுச் செத்ததாக ஒரு வாத்தியாரும் சொன்னார்கள். புலி எத்தனை என்பதில் மீன்கடையில் கைகலப்பு வந்தது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த நாவலில் தலைவன் மூன்று தடவை செத்தான்.

எழுதியதை வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து மணிக்கு, டாக்கீஸில் மைக் வைத்து வாசித்தார். ஜனங்கள் இட்லியை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தீவு வந்தது, குகை வந்தது, அருவி வந்தது. “இளவரசன் அமரசிங்கன் மலையுச்சியிலிருந்து பாய்ந்தான். குளிர்ந்த குளத்தில் இறங்கி நீந்திக் கரையேறினான்” என்று வாசித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பெருவிரல்கூட அசையவில்லை.

“தண்ணி ஆழம் பத்தாது அண்ணாச்சி. பயப்படுதாரு,” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

ஆழத்தைக் கூட்டி எழுதினார். அசையவில்லை. பாறை இருக்கும் என்றார்கள், பாறைகளை எடுத்தார். வைக்கோல் போடச் சொன்னார்கள்; நாலு வண்டி வைக்கோல் எழுதினார். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை எழுதினார். ஓர் அம்மாள் தன் மகளின் சீர் மெத்தை நல்ல கனம் என்று சொன்னதால் அதையும் எழுதினார். மீன்பிடி வலை, சர்க்கஸ் வலை, படுத்திருக்கும் யானை, யானைக்கு மேல் ஜமுக்காளம் என்று அந்த ஒரு அத்தியாயம் நாற்பது பக்கத்துக்கு மெத்தையும் தலையணையுமாக நீண்டது. கதையில் அமரசிங்கன் நாற்பது தடவை சுகமாக இறங்கினான். மேலே நின்றவர் நின்றபடி இருந்தார். அவர் வழியாக இப்போது திரையின் தையல்கூடத் தெரிந்தது.

அன்றைக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு பெண்கள் பகுதியில் ஒருத்தி மட்டும் இருந்தாள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கை தன்பாட்டுக்கு பீடி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தரத்தாரைப் பார்க்க ஊரே வந்த முதல் வாரத்தில் வந்தவள் அவள். அதிலிருந்து தினம் வருகிறாள். பெயர் உலகம்மாள்.

“அண்ணாச்சி, நீங்க யாரையோ எறக்குதிய,” என்றாள், சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க நிக்கது வேற ஆளு.”

“யாரு தாயி?”

“எங்க வீட்டுக்காரவுக.”

குற்றாலலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் சொன்னாள். பேர் பட்டமுத்து. கிணறு கண்ட இடத்திலெல்லாம் தலைகீழாகக் குதிப்பான். அதைப் பார்த்த யாரோ மெட்ராஸுக்குக் கூட்டிப் போனார்கள். சினிமாவில் கதாநாயகன் விழுந்தால் இவன் விழ வேண்டும், கதாநாயகன் எரிந்தால் இவன் எரிய வேண்டும் என்று ஒரு கார்டு எழுதினான். இரண்டாவது கார்டில், அருவியில் ஒரு வேலை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்று எழுதினான். அதோடு சரி, எட்டு வருஷம்.

“முதுக வச்சு எப்படித் தாயி சொல்லுத?”

“எண்ண தேச்சுவிட்ட முதுகு தெரியாதா அண்ணாச்சி. எடது தோளு ஒரு விரக்கடை எறக்கம்.”

“இத்தன மாசமா ஏன் சொல்லல?”

அவள் பீடியின் வாயை மடித்துக் குத்தினாள். அடுத்த இலையை எடுத்தாள்.

“கீழ விழுந்தா என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிரும்லா,” என்றாள். “எட்டு வருசம் கார்டு இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதா. நின்னா உசுரோட நிக்காக. அதான் நிக்கட்டும்னு பாத்துக்கிட்டிருந்தேன். இப்பம் கரைஞ்சுல்லா போறாக.”

குற்றாலலிங்கம் எழுதிய கதைகளிலெல்லாம் பெண்கள் இந்த இடத்தில் தலைவிரி கோலமாக ஓடுவார்கள். இவள் இருபத்தைந்து பீடியைக் கட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்க,” என்றாள். “ஆனா அவுக பேரப் போட்டு எழுதுங்க. அடுத்தவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா எப்படி எறங்குவாக?”

மறுநாளிலிருந்து நாவல் திசைமாறியது. குற்றாலலிங்கம் பெண்கள் பகுதிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உலகம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார். திரையில் முதுகு மட்டும்தான் உண்டு, நாவலுக்கு முகம் வேண்டும். மூக்கு எப்படி என்றார்; கொஞ்சம் சப்பை என்றாள். கோபம் வருமா என்றார். குழம்பில் புளி கூடினால் வரும், பேசாமல் எழுந்து போய் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருப்பான் என்றாள். பயம் உண்டா என்றார். அவள் யோசித்துவிட்டு, ஊசி போடப் பயப்படுவான் என்றாள். புலிக்குகைக்கும் கொள்ளைக்காரர் கப்பலுக்கும் நடுவே புளிக்குழம்பும் மாடும் ஊசியும் வந்து உட்கார்ந்தன. அருவி அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, குற்றாலலிங்கம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாததையும் திரையில் இல்லாததையும் எழுதினார்.

அதை வாசித்த காலையில் டாக்கீஸ் ரெண்டுபட்டது.

“மலையுச்சிக்கு வந்ததும் இளவரசன் அமரசிங்கன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருவன் அவனுக்குக் குடை பிடித்தான். இன்னொருவன் இளநீர் கொண்டுவந்தான். இளவரசன் கிரீடத்தையும் மஞ்சள் அங்கியையும் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான்.”

“நிறுத்தும் வே.” எழுந்தது நயினார், பஜாரில் தையல்கடை வைத்திருப்பவன், இளவரசனாக நடித்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவன். “எங்காளு இளநீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாருன்னு எழுதுதீரா?”

“சீவித்தான் குடுத்தாங்க,” என்றான் லாசர் மேலே ஓட்டையிலிருந்து.

“நீ பேசாதல. மூணு நாள் பட்டினி கெடந்து அந்த அருவியில குதிச்சதா பத்திரிகையில போட்டிருந்தான். நான் வெட்டி ஒட்டி வச்சிருக்கேன். நோட்ட இங்க கொண்டாரும். கிழிச்சிட்டுத்தான் மறுவேல.”

மன்றத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். குற்றாலலிங்கம் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். சண்டை போட்டு அவருக்குப் பழக்கமில்லை. அதுவரை அவர் எழுதிய எதையும் யாரும் கிழிக்க நினைத்ததுமில்லை, படித்துவிட்டுக் கடலைப் பொட்டலம் மடிப்பதோடு சரி.

“நயினாரு, ஒம் தொழிலு என்ன,” என்றார்.

“தையலு.”

“அந்தா நிக்காருல்லா, அவரு அங்கியப் பாரு. பாத்துட்டுக் கிழி.”

நயினார் வேண்டாவெறுப்பாக மேடைமேல் ஏறினான். காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து மறுபடி வைத்தான். கழுத்திலிருந்த இஞ்சு டேப்பைக் கழற்றினான். அந்தரத்தில் அளக்க முடியாது என்று தெரிந்தும் டேப்பை உயர்த்தித் தூரத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். முதுகிலிருந்து அக்குள், அக்குளிலிருந்து இடுப்பு. ரொம்ப நேரம் பார்த்தான். மன்றத்துக்காரர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள்.

“அக்குள்ல தையலு விட்டிருக்கு,” என்றான் கடைசியில், யாரையும் பார்க்காமல். “இது அளவெடுத்த ஆளு இல்ல. அவரு தோளு நேர் தோளு. நானே அவருக்கு மால போட்டிருக்கேன்.” இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். “வாசியும்.”

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

“மிச்சம் வியாழக்கிழமை,” என்றார் குற்றாலலிங்கம். உண்மையில் மிச்சம் இல்லை. கிரீடத்தை வாங்கியவன் பட்டமுத்து, அவன் விளிம்புக்கு நடந்தான், குதித்தான் என்பது வரைக்கும் எழுதியிருந்தார். அதற்கு மேல் மூன்று நட்சத்திரம் போடத்தான் கை போயிற்று. இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்தார். ஆழமான தண்ணீர் என்று எழுதினால் பொய். மெத்தைகள் நாற்பதும் பொய்யாகிப் போனவை. பாறை என்று எழுதினால், அந்தப் பொம்பளை சுளகோடு உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படி மைக்கில் வாசிப்பது? புதன்கிழமை மேட்னிக்குப் போனார். அந்தரத்தாரின் கால்கள் முழங்காலுக்குக் கீழே இல்லை. கைகளில் விரல்கள் போய்விட்டிருந்தன. தோள் மட்டும், இடது பக்கம் கொஞ்சம் இறங்கி, நின்றது.

“தாயி, கீழ என்ன இருந்திச்சுன்னு எழுதட்டும்?”

“நீங்க பாத்தியளா?”

“இல்ல.”

“நானும் பாக்கல. படத்துலயும் காட்டல.” உலகம்மாள் சுளகை இறக்கி வைத்தாள், அவர் பார்க்க அவள் கை சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. “பாக்காதத எழுதாதிய அண்ணாச்சி. விழுந்தாகன்னு மட்டும் எழுதுங்க. பொறவு என்னவோ, நான் பாத்துக்கிடுதேன்.”

வியாழக்கிழமை காலை டாக்கீஸில் நிற்க இடமில்லை. மழை கேட்கிறவர்களும், டிரில் மாஸ்டரும், பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் வந்திருந்தார்கள். தோளும் தலையும் மஞ்சளில் ஒரு கீற்றுமாக அந்தரத்தில் மிச்சமிருந்ததைத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் விரலை நீட்டிக் காட்டினார்கள். உலகம்மாள் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். குற்றாலலிங்கம் மைக்குக்கு முன்னால் நின்றார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

“கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டவன் பெயர் பட்டமுத்து. அவன் மூக்குச் சப்பை. குழம்பில் புளி கூடினால் கோபித்துக்கொண்டு மாட்டிடம் போய்ச் சொல்வான். ஊசிக்குப் பயப்படுவான். கிணறு கண்டால் குதிப்பான். அவன் பெண்டாட்டி பெயர் உலகம்மாள். பட்டமுத்து விளிம்புக்கு நடந்தான். அவனுக்குப் பின்னால் இளவரசன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். பட்டமுத்து குதித்தான். பட்டமுத்து விழுந்தான்.”

அதோடு நோட்டில் எழுத்து இல்லை.

மேலே தலை முதலில் சாய்ந்தது. பிறகு, போன வழியைத் திரும்பப் பிடிக்கிற மாதிரி, விரல்கள் வந்தன, முழங்கால் வந்தது, அங்கியில் மஞ்சள் ஏறியது. நிறைந்த உருவமாக ஒரு கணம் நின்று, பின் விறுவிறுவென்று இறங்கி, திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி, மேடைக்குப் பின்னால் எங்கேயோ மறைந்தது. மேடைக்குப் பின்னால் சுவர்தான் உண்டு. ஆனாலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பெரிய சத்தம். முதல் நாலு வரிசையும் தொப்பலாக நனைந்தது, ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்து அணைந்தது. பிறகு ஒன்றுமில்லை. உலகம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நயினார் டேப்பின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்; லாசர் மட்டும் அரை ரீல் இருக்கும் என்று திட்டமாகச் சொன்னான்.

மேடையின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. இன்னொரு கை. பட்டமுத்து உந்தி ஏறி நின்றான். கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிந்திருந்தது. மூக்கு சப்பைதான். வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஜனத்தை, பெஞ்சுகளை, மெஷின் அறை ஓட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கையில் காகிதத்தோடு நின்றவர் ஒருவர்தான் என்பதால் குற்றாலலிங்கத்திடம் திரும்பினான்.

“ஓகேயா சார்? இல்ல, இன்னொருக்கப் போகணுமா?”

குற்றாலலிங்கம் நோட்டைப் பார்த்தார், அதில் இதற்குப் பதில் இல்லை. நயினார்தான் எழுந்து, மன்றத் தலைவன் குரலில், “ஓகே அண்ணாச்சி. நீங்க எறங்கலாம்,” என்றான்.

உலகம்மாள் மேடைப்படி ஏறிப் போனாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அவனைவிட ஐந்து வயது இளையவள். இப்போது மூன்று வயது மூத்தவள். பக்கத்தில் போய் நின்றாள். கிரீடத்தை அவன் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அட்டைக் கிரீடம், ஊறிப்போய் இரண்டாகப் பிரிந்தது.

“ஒரு கார்டு போடக் கை வரலையாக்கும், எட்டு வருசமா?”

அவன் அவள் முடியிலிருந்த நரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

“ஏளா,” என்றான், “இப்பத்தானளா குதிச்சேன்.”